முகத்துக்கு ஒரு செவ்வொளி

போன மாதம் ஒரு நாள் ராத்திரி என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கூடத்தில் விளக்கு இல்லை. "யாரும்மா உள்ளே?" என்று கேட்டுக்கொண்டே காலை எடுத்து வைத்தேனோ இல்லையோ, ஊஞ்சலில் ஓர் உருவம் எழுந்து உட்கார்ந்தது. உடம்பு என்னவோ மனுஷ உடம்புதான். ஆனால் அந்த முகம்! கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். மற்ற இடமெல்லாம் தணல் மாதிரிச் சிவப்பு. நான் பார்த்துக் கொண்டிருக்கும்போதே சிவப்பு நீலமாயிற்று, நீலம் பச்சையாயிற்று. நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர் டார்ச் லைட்டுடன் ஓடி வந்துவிட்டார்.

"பெரியம்மா, நான்தான்! பயப்படாதீங்க!" என்று முகத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள் என் தங்கையின் பெண். கழற்றியது முகமூடி. மடியில் கிடந்தபடியே அது பாட்டுக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நாடகத்துக்கா, அம்மா?" என்று கேட்டார். "இல்லை மாமா, அழகுக்கு" என்றாள் அவள். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நல்ல மனிதர்.

சகோதரிகளே, உங்களில் பலர் இந்த முகமூடியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பார்க்காவிட்டாலும் போன் திரையில் பார்த்திருப்பீர்கள். உள்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி எல்.இ.டி. விளக்குகள், அவற்றின் சிவப்பு ஒளி முகத்தில் பட்டால் சுருக்கம் போகும், பரு போகும், மங்கு போகும், பத்து வயசு குறையும் என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயிலிருந்து பல பத்தாயிரம் ரூபாய் வரையில் விலை. "வாங்கலாமா? வாங்கினால் ஆபத்து உண்டா?" என்று எனக்கு வரும் கடிதங்களிலும் இந்தக் கேள்வி அடிக்கடி தலை காட்டுகிறது. ஆகவே இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

முதலில் அந்தப் பெண்ணின் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் போன வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. வயிற்றில் குழந்தை இருக்கும்போதே இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு தானாக மறையும் என்றார்கள், பாதிதான் மறைந்தது. நாத்தனாருக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று புகுந்த வீட்டுப் பெரியவள் ஒருத்தி, நாலு பேர் நடுவில், "ஏண்டியம்மா, முகம் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி ஆயிடுத்தே!" என்று கேட்டுவிட்டாள். கேட்டவளுக்கு அது ஒரு வாய் வார்த்தை. இவள் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். குழந்தைக்குப் பேர் வைத்த அன்று வந்த பணத்தை எடுத்து, 'ஏழு வர்ண அழகு முகமூடி' ஒன்றைத் தருவித்துவிட்டாள். வாரத்துக்கு ஆறு நாள், ராத்திரி அரை மணி, ஐந்து வாரமாக நடக்கிறது என்றாள்.

"சரி, மங்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் நான் பார்த்ததைவிடக் கன்னம் ஒரு மாற்று கறுப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது என் விசாரணை.

ஒளியை மருந்தாக்குவது புதுச் சரக்கு அல்ல. டென்மார்க் தேசத்தில் நீல்ஸ் ஃபின்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1860-ல் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். வாலிப வயதிலிருந்தே தீராத நோயாளி. சூரிய ஒளி உடம்பை என்ன செய்கிறது என்பதிலேயே அவருக்கு நாட்டம். முகத்தை அரித்துத் தின்கிற தோல் க்ஷயம் என்ற கொடிய வியாதி அப்போது ஐரோப்பாவில் இருந்தது. மூக்கும் உதடும் போய், வெளியில் தலை காட்ட முடியாமல் கதவடைத்துக் கிடந்த பெண்கள் எத்தனையோ பேர். ஃபின்சன் பெரிய கார்பன் விளக்கு ஒன்றை அமைத்தார். அதன் ஒளியைப் பளிங்கு லென்ஸ்களால் குவித்து, சூட்டைத் தணிக்க நடுவில் தண்ணீர் ஓடவிட்டு, புண்ணின் மேல் பாய்ச்சினார். ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பளிங்கு வில்லையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ரத்தம் ஒதுங்கினால்தானே ஒளி உள்ளே இறங்கும்! மாதக்கணக்கில் இப்படிச் செய்து பலருக்கு முகத்தை மீட்டுக் கொடுத்தார். 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. மறு வருஷமே, 43-வது வயதில், காலமானார்.

இந்த ஃபின்சன் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு முக்கியம். பெரியம்மை கண்டவர்களை சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்று 1893-ல் அவர் சொன்னார். இதுவும் பழைய யோசனைதான். 14-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் ஆஃப் காடெஸ்டன் என்ற வைத்தியர், அம்மை கண்ட ராஜகுமாரனைச் சிவப்புத் துணியாலேயே சுற்றி வைத்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் வேப்பிலை செருகினோம். அவர்கள் சிவப்புத் துணி கட்டினார்கள். ஆனால் ஃபின்சன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். சிவப்பு ஒளிக்கு ஏதோ மகிமை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நீலமும் ஊதாவும் தோலைத் தூண்டிக் கெடுக்கின்றன, சிவப்புத் திரை அவற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது என்றுதான் சொன்னார். அம்மை விஷயத்தில் அவர் எண்ணம் நிலைக்கவில்லை. சிவப்பு அறை வழக்கொழிந்து போயிற்று. 1980-ல் அந்த நோயே உலகத்தில் இல்லையென்றும் ஆயிற்று. ஆனால் ஒளி என்றால் எல்லாம் ஒன்றல்ல, நிறத்துக்கு நிறம் குணம் வேறு என்று அவர் கண்டாரே, அது நிலைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் கன்னத்துக்கு நான் விடை தேடிப் போனதும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

சிவப்பு ஒளிக்குத் தனியாக ஒரு குணம் உண்டு என்று தெரிந்தது ஓர் எலியின் முதுகில்! ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரத்தில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று தெரிந்துகொள்ள விரும்பினார். லேசர் அப்போதுதான் பிறந்திருந்தது. 1967-ல் எலிகளின் முதுகைச் சிரைத்துவிட்டு, ரூபி லேசரின் சிவப்பு ஒளியைக் காட்டினார். புற்றுநோய் வரவில்லை. சிரைத்த இடத்தில் ரோமம்தான் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் முளைத்தது! அதிலிருந்து பிடித்துக்கொண்டு, ஆறாத புண்களின் மேல் அந்த ஒளியை அவர் பிரயோகித்துப் பார்த்தார். பிறகு 1990-களில், விண்வெளியில் செடி வளர்ப்பதற்காக அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் தயாரித்த எல்.இ.டி. விளக்குகள் வைத்தியர்கள் கைக்கு வந்தன. விலை உயர்ந்த லேசர் வேண்டாம், சின்ன பல்பே போதும் என்று ஆயிற்று. இன்றைக்கு உங்கள் போனில் வந்து நிற்கும் முகமூடி இந்த வம்சம்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? குழந்தைகள் ராத்திரியில் டார்ச் விளக்கை உள்ளங்கைக்கு அடியில் பிடித்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கை செக்கச்செவேலென்று தெரியும். டார்ச்சின் ஒளி வெள்ளைதான். அதிலுள்ள நீலத்தையும் பச்சையையும் ரத்தமும் சதையும் வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. சிவப்பு மட்டும் தப்பித்து வருகிறது. அதனால்தான் சிவப்பு தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்க முடிகிறது. அங்கே ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு எரிகிறது. உடம்புக்கு வேண்டிய சக்தி அங்கேதான் சமையலாகிறது. அந்த அடுப்பிலுள்ள ஒரு நொதி சிவப்பு ஒளியை வாங்கிக்கொண்டு சுறுசுறுப்பாகிறது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் அதனால் கூடுதலாக உண்டாகிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. முழு விவரமும் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

பலன் உண்டா என்றால், உண்டு. விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. 2014-ல் ஜெர்மனியில் 136 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். வாரம் இரண்டு தடவையாக முப்பது தடவை ஒளி காட்டியதில், தோலின் சொரசொரப்புக் குறைந்தது, சுருக்கம் கொஞ்சம் தணிந்தது, கொலாஜன் கூடியது என்று கண்டார்கள். ஒப்பிடுவதற்காக வைத்திருந்தவர்களுக்குச் சிகிச்சையே தரவில்லை. ஆகவே யார் சிகிச்சை பெறுகிறார்கள் என்பது அவரவருக்கே தெரியும். அந்த அளவுக்கு அந்தச் சாட்சி பலவீனம். எப்படிப் பார்த்தாலும் பதினைந்து வாரக் கதை இது. "ஏழே நாளில்" என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். உண்மையில் இந்த ஒளிக்கு வலுவான சாட்சி இருப்பது அழகு விஷயத்தில் அல்ல. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்களில் சிலருக்கு வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிடவே முடியாமல் போகும். அது வராமல் தடுக்க, குறிப்பிட்ட சில சிகிச்சைகளின்போது இந்த ஒளியைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் சர்வதேச வைத்திய வழிகாட்டுதலே வந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முகமூடியின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டாயிற்று என்று ஒப்புக்கொள்கிறேன்.

இனி ஆபத்து. சிவப்பு ஒளி வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அல்ல. அது வெயில் போலத் தோலைச் சுடாது. அதனால் புற்றுநோய் வரும் என்றும் யாரும் காட்டவில்லை. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாமா? சாம்பாருக்கு உப்புப் போலத்தான் இதுவும். ஓர் அளவு வரையில் நன்மை. அதற்கு மேலே போனால் கிடைத்த நன்மையும் குறைய ஆரம்பிக்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இன்னும் போனால் கொப்புளம்.

எந்த அளவில் கொப்புளம் என்று அமெரிக்காவில் நூற்றுச் சொச்சம் பேரின் முன்கையில் ஒளி காட்டிப் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 480 ஜூல் வரையில் பத்திரம் என்று கண்டார்கள். மாநிறத்தாரும் கறுப்பு நிறத்தாரும் சேர்ந்த மற்றவர்களுக்கு 320 ஜூல்தான். அதாவது அவர்கள் தாங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு. "நம் தோல் கறுப்பு, வெயிலுக்கே அசராது, இந்த விளக்கு என்ன செய்யும்?" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புறஊதாக் கதிர் விஷயத்தில் அது ஓரளவு வாஸ்தவம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் விஷயத்தில் கணக்கு திரும்பிவிடுகிறது. நிறம் கூடிய தோல் ஒளியைக் கூடுதலாகக் குடிக்கிறது.

ஜூல் என்றதும் பயந்துவிடாதீர்கள். பால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு கணக்கா! பெட்டியின் மேல் 30 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் என்றால் 600 விநாடி. 30-ஐ 600-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 18 ஜூல். 320 எங்கே, 18 எங்கே! அந்த எல்லையைத் தொட மூன்று மணி நேரம் முகத்தில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே சாதாரண முகமூடியைப் பத்து நிமிஷம் போட்டுக்கொள்கிறவர்கள் கொப்புளத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பலகை போலச் சுவரில் மாட்டும் பெரிய விளக்குகள் வந்திருக்கின்றன. அவற்றின் எதிரே நெருங்கி உட்கார்ந்தால் 100 மில்லிவாட்டும் வரலாம். அப்போது 53 நிமிஷத்தில் எல்லைக்கு வந்துவிடுவீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் எதிரே சாய்ந்து படுத்துக் கண்ணயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? தானாக அணையும் டைமர் இல்லாத விளக்கை வாங்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதெல்லாம் சரி, அரை மணி நேர முகமூடியில் அந்தப் பெண்ணின் கன்னம் ஏன் கறுத்தது? கொப்புளம் இல்லை, எரிச்சலும் இல்லையே!

அதற்கு விடை கிடைத்தது அந்த 'ஏழு வர்ண'த்தில். சிவப்பு வேண்டும் என்று வாங்கியவளுக்குக் கூடவே நீலமும் ஊதாவும் இனாமாக வந்திருந்தன. நீல ஒளிக்குப் பருவை உண்டாக்கும் கிருமியை அழிக்கும் குணம் உண்டு, அதற்காகத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் 2010-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெள்ளைத் தோலிலும் காட்டினார்கள், கறுத்த தோலிலும் காட்டினார்கள். வெள்ளைத் தோலில் ஒன்றும் ஆகவில்லை. கறுத்த தோல் மேலும் கறுத்தது. எந்த நிறம் அந்த வேலையைச் செய்கிறது என்று பிரான்சில் நீஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்து 2014-ல் எழுதினார்கள். 630 நானோமீட்டர் சிவப்பு ஒன்றும் செய்யவில்லை. 415 நானோமீட்டர் நீல ஊதா ஒளி தோலைக் கறுக்க வைத்தது. அந்தக் கறுப்பு மூன்று மாதம் வரையிலும் போகவில்லை.

ஃபின்சன் சிவப்புத் திரை போட்டு எதைத் தடுத்தாரோ, அதையே காசு கொடுத்து வாங்கி, ராத்திரி ராத்திரி மங்கின் மேல் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் நம் பெண்!

இதை நானாகத் தீர்மானித்துவிடவில்லை. மறுநாளே அவளைத் தோல் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் முகமூடியைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பார்த்தார். பெட்டியையும் கேட்டார். பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்த பெண் படம் பெரிதாக இருந்தது. அலைநீளம் எத்தனை, எத்தனை மில்லிவாட் என்ற விவரம் ஒன்றுமே இல்லை.

"இதனால்தான் கறுத்துதா, டாக்டர்?" என்று அவள் கேட்டாள். குரல் தழுதழுத்தது.

"சத்தியம் பண்ண முடியாதும்மா. மங்குக்கு வெயில் ஆகாது, அடுப்புச் சூடும் ஆகாது. குழந்தைப்பேறுக்குப் பிறகு ஹார்மோனும் ஒரு காரணம். தினம் பன்னிரண்டு மணி வெயில்லே துணி உலர்த்தறேன்னு நீங்களே சொல்றீங்க. ஆனா நீல ஒளி இதுக்கு எதிரி. அதை மட்டும் நிச்சயமாச் சொல்வேன். இன்னியோட நிறுத்திடுங்க."

பிறகு அவர் எழுதிக் கொடுத்தது ஒரு பூச்சு மருந்தும் சன்ஸ்கிரீனும். சன்ஸ்கிரீனில் ஒரு விசேஷம்: இரும்பு ஆக்ஸைடு கலந்து, பவுடர் போட்டதுபோல லேசான நிறத்தோடு இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். வெள்ளையாக இருக்கும் சாதாரண சன்ஸ்கிரீன்கள் புறஊதாவைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் நீலத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். மங்கு உள்ளவர்களுக்கு இந்த நிறம் கலந்ததுதான் பிரயோஜனம். இந்தச் சின்ன விஷயம் எனக்கு இத்தனை வயசுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மங்கு உள்ள சகோதரிகள் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. கண்! அந்தப் பெண்ணின் முகமூடியில் கண்ணுக்கு வெறும் ஓட்டைதான்; மறைப்பு கிடையாது. "நான் கண்ணை மூடிண்டுதானே இருக்கேன்" என்றாள். உள்ளங்கையையே ஊடுருவி வரும் சிவப்புக்கு இமை ஒரு கதவா? 2019-ல் அமெரிக்காவில் நியூட்ரோஜீனா கம்பெனி, பருவுக்காக விற்ற சிவப்பும் நீலமும் கலந்த முகமூடியைக் கடைகளிலிருந்து தானாகவே திரும்பப் பெற்றுக்கொண்டது. விழித்திரையில் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஒளிக் கூச்சம் தரும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கண் பாதிக்கக்கூடும் என்ற சந்தேகம்தான் காரணம். அப்படிப்பட்டவர்கள் சொற்பம்தான். ஆனாலும் குடும்பத்தில் மாலைக்கண், விழித்திரை நோய் என்று யாருக்காவது இருந்தால், முகமூடிக்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்களும் ஒளி புகாத கண் மறைப்பு இல்லாமல் போட்டுக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வேறு யாருக்கு ஆகாது? ஒளி பட்டால் உடம்பு தடிக்கிற லூபஸ், போர்ஃபிரியா போன்ற வியாதிக்காரர்களுக்கு ஆகாது. போர்ஃபிரியாக்காரர்களுக்கு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு விசித்திரமான காரணம் இருக்கிறது. வயதான வெள்ளைக்காரர்களுக்கு வெயிலினால் புற்றுநோய்க்கு முந்திய சொரசொரப்பான திட்டுக்கள் தோலில் வருவதுண்டு. அதன் மேல் ஒரு மருந்தைத் தடவி, சிறிது நேரம் கழித்து இதே சிவப்பு ஒளியைத்தான் காட்டுகிறார்கள். தோலுக்குள் போன மருந்து போர்ஃபிரின் என்ற பொருளாக மாறியிருக்கும். ஒளி பட்டதும் அது கெட்ட உயிரணுக்களைக் கொன்றுவிடும். அங்கே சிவப்பு ஒளி வளர்க்கிற கை அல்ல, கொல்லுகிற கை! போர்ஃபிரியாக்காரர்களுக்கு அந்தப் பொருள் உடம்பிலேயே மிதமிஞ்சி இருக்கிறது. வலிப்பு உள்ளவர்கள் விட்டுவிட்டு மின்னும் விளக்குகளிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பருவுக்குச் சாப்பிடும் டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் தோலை ஒளிக்குக் கூச வைக்கும். முக்கியமாகப் புறஊதாவுக்குத்தான் என்றாலும், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. புதிதாகத் தோன்றிய மச்சம், நிறமோ அளவோ மாறுகிற மச்சம், ஆறாத புண் இவற்றின் மேல் எந்த ஒளியையும் காட்டாதீர்கள். முதலில் அது என்னவென்று டாக்டர் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு, "எனக்கு மங்கு இல்லை, கண்ணும் நன்றாக இருக்கிறது, நாற்பது வயதுச் சுருக்கத்துக்குத்தான் கேட்கிறேன், காசும் இருக்கிறது" என்று ஒரு சகோதரி சொன்னால் நான் தடுக்கமாட்டேன். ஏழு நிறம் காட்டும் பொம்மை வேண்டாம். சிவப்பு மட்டும் உள்ளதாக, 630 முதல் 660 நானோமீட்டர் வரை என்று எண் போட்டதாக, எத்தனை மில்லிவாட் என்று எழுதியதாகப் பாருங்கள். விளம்பரத்தில் 'எஃப்.டி.ஏ. கிளியர்டு' என்று அமெரிக்க அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். பலன் நிச்சயம் என்று அந்த அரசாங்கம் முத்திரை குத்திவிட்டது என்று அதற்கு அர்த்தம் அல்ல. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் இதே மாதிரிச் சாமானுக்குப் பத்திரத்திலும் பயனிலும் இது சமானம் என்று ஒப்புக்கொண்டு விற்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வார்த்தையே இல்லாத பெட்டி அதைவிட மோசம் என்பது வேறு விஷயம். முதல் வாரம் முழு முகத்துக்கும் காட்டாமல் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் கொஞ்சம் காட்டிப் பாருங்கள். கறுக்கவில்லை என்று தெரிந்த பிறகு மேலே போகலாம். வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிஷம் போதும். ராத்திரி அரை மணி ஊஞ்சலில் ஆடவேண்டுமென்றால் முகமூடியைக் கழற்றிவிட்டு ஆடுங்கள்.

கலியாணம் போன வாரம் நடந்தது. மங்கு முழுக்கப் போய்விட்டது என்று நான் சொன்னால் பொய். மருந்து வேலை செய்ய மாதக்கணக்காகும் என்று டாக்டரம்மா முன்னமேயே சொல்லியிருந்தார். ஐந்து வாரத்தில் ஏறிய கறுப்பு மட்டும் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குச் சந்தனமும் சர்க்கரையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரியவளும் வந்தாள். தட்டில் கை வைத்தபடியே இவள் முகத்தை உற்றுப் பார்த்து, "என்னடியம்மா, இன்னும்..." என்று ஆரம்பித்தாள்.

"இது மங்கு, பாட்டி. பிள்ளை பெத்ததிலே வந்தது. டாக்டர் மருந்து குடுத்திருக்கார், மெதுவாத்தான் போகும். நீங்க சர்க்கரை எடுத்துக்குங்கோ" என்றாள் இவள்.

பாட்டி சர்க்கரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முகமூடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் தங்கை அதைத் தானியப் பானைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். ராத்திரியில் எலி வந்தால் பயந்து ஓடுமாம். மெஸ்டரின் எலிக் கதையை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

சிவப்பு ஒளி பாயும் சீப்பினால் தலைமயிர் வளருமா என்று எழுதிக் கேட்டிருக்கும் சகோதரிக்கு: இந்த வாரம் இடம் இல்லை. வருகிற வாரம் அவசியம் எழுதுகிறேன். அதுவரையில் சீப்பை வாங்கிவிடாதீர்கள்.